பரஸ்தானம் போன பல்லாரி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்று குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதில் நாளும் கிழமையும் மாறிப்போயிருந்தது என்று எங்கள் தெருவிலேயே சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவள்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வாரம் சொல்லப்போவதை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை. பக்கத்து வீட்டு வாசலில் நானும் என் மருமகள் ஜெயக்கனியும் நிற்கிறோம். அவள் கையில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய சின்னக் குப்பி. என் கையில் கத்தரிக்கோல். உள்ளேயிருந்து பல்லாரி வதங்குகிற வாசனை வருகிறது. எண்ணெயில் கிடந்து ஓரம் சிவக்கும்போது வருமே, அந்த வாசனை.

ஜெயக்கனி என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அத்தை, அது நம்ம பல்லாரி" என்றாள்.

பெரிய வெங்காயத்தைத்தான் நாங்கள் பல்லாரி என்போம். அது வதங்கினால் ஒருத்திக்கு ஏன் கை சில்லிட வேண்டும்? அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிளாஸில் உட்கார்ந்தது

ஜெயக்கனி தாவரவியல் படித்து, பி.எட். முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். பிறகு பிள்ளைகள், எங்கள் மளிகைக் கடைக்குச் சாப்பாடு, என் முழங்கால் வலி என்று வருஷங்கள் ஓடிவிட்டன. பிள்ளைகள் வளர்ந்த பிறகு வேலை தேடினாள். போன இடத்தில் எல்லாம் ஒரே பேச்சு. படித்து ரொம்ப நாளாகிவிட்டதே, இடையில் எங்குமே வேலை பார்க்கவில்லையே.

மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும் தலைமையாசிரியை அம்மா நேரடியாகக் கேட்டாராம். "கை மறந்திருக்குமே? திங்கட்கிழமை முதல் பீரியட், ஒன்பதாம் வகுப்புக்குச் செல் பிரிதல் எடுத்துக் காட்டுங்க. போர்டுல படம் போட்டு ஒப்பேத்தக் கூடாது. பிள்ளைங்க கண்ணால பாக்கணும். இன்னும் ரெண்டு பேரும் பாடம் எடுக்காங்க. யாரு நல்லா எடுக்காங்களோ அவங்களுக்குத்தான்."

வீட்டுக்கு வந்தவள் அடுப்பங்கரையில் என் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள். "இதுவும் போச்சுன்னா சர்டிபிகேட்டைப் பரண்ல தூக்கிப் போட்டுருவேன் அத்தை. இனிமே யாருகிட்டயும் போய் நிக்க மாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்காது. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

வெங்காய வேரின் நுனியில்தான் செல் பிரிவதைச் சுலபமாகப் பார்க்கலாமாம். வேர் நீள்வதே அந்த நுனியில் ஒன்று இரண்டாகிக்கொண்டே இருப்பதால்தானாம். கடையிலிருந்து நல்ல பல்லாரியாக எடுத்து, கண்ணாடி கிளாஸ்களில் தண்ணீர் ஊற்றி, அடிப்பக்கம் மட்டும் நனைகிற மாதிரி உட்கார வைத்தாள். முதல் தடவை போர் தண்ணீரை ஊற்றிவிட்டாள். எங்கள் தெருப் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அவ்வளவு உப்பு. வேர் எட்டிப் பார்த்ததோடு கருகிவிட்டது. பிறகு குடிக்கிற ஆற்றுத் தண்ணீரை மாற்றினோம். வெள்ளை வெளேரென்று வேர் இறங்கியது, இடியாப்பம் பிழிந்துவிட்ட மாதிரி.

கடையிலிருந்து சாப்பிட வந்த எங்கள் வீட்டுக்காரர் ஜன்னலோரம் இருந்த கிளாஸ்களைப் பார்த்தார்.

"என்னளா, வெங்காயத்தைத் தண்ணில ஒக்கார வச்சிருக்கிய? காய்ச்சலா அதுக்கு?"

"உங்க மருமகளுக்கு வேலை வாங்கித் தரப்போகுது. பேசாம சாப்பிடுங்க" என்றேன்.

சாயங்கால வேர்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தோழியிடம் ஒரு பழைய மைக்ராஸ்கோப்பையும் சில குப்பிகளையும் ஜெயக்கனி வாங்கி வந்தாள். வேரின் நுனியை அரிசியில் பாதி அளவுக்கு வெட்டி, மருந்துக் குப்பியில் போட்டு, பிறகு அமிலத்தில் லேசாகச் சூடு காட்டி, சிவப்புச் சாயம் விட்டு, கண்ணாடியில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடிக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். வேலை எல்லாம் ஒழிந்த பிறகு சாயங்காலம் உட்கார்ந்து செய்வாள். வெள்ளிக்கிழமை செய்தாள். சனிக்கிழமையும் செய்தாள்.

"எல்லாம் சும்மா கெடக்கு அத்தை. ஒண்ணு கூடப் பிரியலை" என்று நெற்றியைத் தேய்த்தாள்.

தோழிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அந்தப் பெண் சிரித்தது எனக்கும் கேட்டது. "எப்ப வெட்டுதே? சாயங்காலமா? ஏளா, அதையும் மறந்துட்டியா? காலையில எட்டு மணி வாக்குல வெட்டி மருந்துல போடு. அப்பத்தான் அது மும்முரமாப் பிரிஞ்சுக்கிட்டு இருக்கும்."

காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெயக்கனி எங்கே வேர் வெட்ட? அந்த நேரம்தான் இட்லிச் சட்டி, டிபன் டப்பா, பாலுக்கு வந்த பூனை எல்லாம். "நாளைக்கு அடுப்படிப் பக்கமே நீ வரக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இட்லி கொஞ்சம் கல்லாகத்தான் போனது. எல்லோரும் சட்னியில் ஊற வைத்துத் தின்றார்கள்.

உள்ளே ஒரு வட்டம்

ஜன்னல் வெயில் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு ஜெயக்கனி பார்த்தாள். திருகினாள். மறுபடி பார்த்தாள். நான் கரண்டியும் கையுமாக நின்றேன்.

"அத்தை, வாங்க. நீங்க பாருங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இதெல்லாம் படித்தவர்கள் பார்க்கிறது. "எனக்கு என்னளா தெரியப்போவுது" என்று பின்வாங்கினேன். தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

முதலில் விளக்குமாறு மாதிரி ஒன்று தெரிந்தது. அது என் கண் இமை மயிர்தானாம். கொஞ்சம் தள்ளிப் பார்க்கச் சொன்னாள். அப்போது தெரிந்தது.

செங்கல் அடுக்கிய மாதிரி அறை அறையாக, எண்ண முடியாத அறைகள். ஒவ்வொரு அறைக்குள்ளும் சிவப்பாக ஒரு வட்டம். அதுதான் உட்கரு என்றாள். உற்றுப் பார்த்தால் வட்டத்துக்குள்ளும் இன்னும் கறுத்த புள்ளி ஒன்றிரண்டு இருந்தது. வட்டத்தைச் சுற்றி மெல்லிய தோல் உண்டாம். உள்ளே நூல் நூலாகக் குரோமோசோம் கிடக்குமாம். வேர் எப்படி வளர வேண்டும், வெங்காயம் எப்படி வெங்காயமாக வேண்டும் என்கிற விவரம் எல்லாம் அந்த நூலில்தானாம்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் வெங்காயம் உரித்திருக்கிறேன். உள்ளே இப்படி ஒரு ஊர் இருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"ஒண்ணும் அசையலியே" என்றேன்.

"அசையாது அத்தை. மருந்துல விழுந்த நிமிசம் எது எப்படி இருந்துச்சோ அப்படியே நின்னுட்டு."

"பொறவு பிரியுததை எப்படிப் பாக்க?"

"கல்யாண ஆல்பம் கீழ விழுந்து போட்டோ எல்லாம் செதறிக் கெடக்குன்னு வச்சுக்கோங்க. பொண்ணழைப்பு ஒரு பக்கம், தாலி கட்டு ஒரு பக்கம், பந்தி ஒரு பக்கம். எது முந்தி எது பிந்தின்னு நமக்குத் தெரியும்லா? அடுக்கிர மாட்டோமா?"

அப்படிச் சொன்ன பிறகு பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஓர் அறையில் வட்டம் கலைந்து நூல்கள் தடித்துச் சிக்கலாகக் கிடந்தன. இன்னொன்றில் எல்லா நூலும் நடுவில் வந்து வரிசையாக நின்றன. தள்ளி ஓர் அறையில் நூல்கள் இரண்டு கூட்டமாகி, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போய்க்கொண்டிருந்தன. வால் பக்கம் மட்டும் இன்னும் நடுவைப் பார்த்தபடி.

"ஏளா, இங்கன ஒண்ணு ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டு நிக்கி."

அவள் என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். "அனாபேஸ் அத்தை. அனாபேஸ்." என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கரண்டியிலிருந்த மாவு அவள் முதுகெல்லாம் ஆகிவிட்டது.

அன்று பூராவும் நான் அதே நினைப்பாகத்தான் இருந்தேன். புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ், டீலோபேஸ். செல் பிரிகிற நாலு கட்டத்துக்கும் வரிசையாக அதுதான் பேராம். மிளகாய் வற்றல் காம்பு கிள்ளுகிறபோதுகூட வாய் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பாகம் பிரித்த கதை

இங்கே ஒரு பழைய கதை குறுக்கே வருகிறது. சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே கடையில்தான் இருந்தார்கள். ஒரு சமயம் பாகம் பிரிக்க வேண்டி வந்தது. இருந்தது ஒரு தராசு, ஒரு கல்லாப் பெட்டி, வாசலில் மாட்டிய அப்பா பெயர் போட்ட ஒரு பலகை. எல்லாம் ஒன்று ஒன்று. பலகை யாருக்கு என்பதில் பேச்சு நின்றது. ஒரே முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டு, முகம் பார்க்காமல் ஒரு வருஷம் போனது.

செல் அப்படிச் செய்வதில்லையாம். பிரிவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு நூலையும் இரண்டாக்கி வைத்துக்கொள்ளுமாம். பிறகு எல்லாவற்றையும் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தும். ஆளுக்கு ஒன்றாகச் சரியாகப் போன பிறகு, கடைசியில்தான் நடுவில் சுவர் எழும்பும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் சுவரை முதலில் கட்டினோம்.

ஏழரை முதல் ஒன்பது

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் வந்தது வினை. "நாளைக்கு எட்டு மணிக்கு வேரை வெட்டிட்டு உடனே கெளம்புதோம் மாமா" என்றாள் ஜெயக்கனி.

எங்கள் வீட்டுக்காரர் சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்தார். "திங்கக்கிழமை எட்டு மணியா? ராகு காலம்லா."

திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். அந்த நேரத்தில் அவர் புதுச் சரக்கு மூட்டையைக்கூடப் பிரிக்க மாட்டார்.

"ஏழு மணிக்கே வெட்டிட்டுப் பொறப்பட்டா என்ன?"

"ஆட்டோ எட்டேகாலுக்குத்தான் வரும் மாமா, ஸ்கூல் பிள்ளைகளை எறக்கிட்டு. எட்டு மணிக்கு வெட்டினதுதான் இன்னைக்கு வந்துச்சு. அதை மாத்த எனக்குப் பயமா இருக்கு."

இரண்டு பேரும் நேரத்துக்குத்தான் பயந்தார்கள். ஒருவருக்கு ராகு, ஒருத்திக்கு அனாபேஸ். நான் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னேன். "பரஸ்தானம் வச்சிருவோம்."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கெட்ட நேரத்தில் பயணம் கிளம்ப வேண்டியிருந்தால், நல்ல நேரத்திலேயே நம் சாமானில் ஒன்றைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். அப்போதே பயணம் ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது அதை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் தோஷம் இல்லை.

"எதை வைக்க?" என்றார்.

"காரியம் எதுக்கோ அதைத்தான் வைக்கணும். பல்லாரியை வைங்க."

வழக்கமாக இதற்கு எதிர்வீட்டில்தான் வைப்போம். அவர்கள் சாத்தான்குளத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். அதனால் காலை ஏழு மணிக்கு, எங்கள் வீட்டுக்காரர் குளித்துத் திருநீறு பூசி, மிஞ்சியிருந்த இரண்டு பல்லாரியையும் கிளாஸோடு தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிலோமியிடம் போனார். மிச்சப் பல்லாரி வேரை எல்லாம் அதற்கு முன்னாலேயே வெட்டித் தீர்த்திருந்தோம்.

பிலோமி மாதா கோயில் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்தவள். பரஸ்தானம் என்றால் அவளுக்கு என்னவென்று தெரியாது. நல்ல காரியத்துக்குப் போகும்போது வழியில் பேசக்கூடாது என்று எங்கள் வீட்டுக்காரரும் வாயைத் திறக்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

பிலோமியின் குசினி

இப்போது அந்த வாசலுக்கு வருகிறேன்.

"பிலோமி" என்று கூப்பிட்டேன். எனக்கே என் சத்தம் புதிதாக இருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள். அடுப்பங்கரையை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

"வாங்கக்கா. அண்ணாச்சி பல்லாரி கொண்டாந்து வச்சிட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாவ. வேரு விட்டுப்போச்சு, கடையில விக்காதுன்னு குடுத்துருக்காவன்னு நெனச்சேன். இப்பத்தான் முட்டைக்கு அரிஞ்சேன்."

ஜெயக்கனி சுவரில் சாய்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துப் பிலோமிக்குப் பயம் பிடித்துவிட்டது. "என்னக்கா, பூசைக்கு வச்சதா? நான் தெரியாம அரிஞ்சுட்டேனே."

"பல்லாரி போவட்டும்" என்றேன். "வேரை என்ன செஞ்சே?"

"வேரையா?" ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது அந்தா, தோலோட கெடக்கு."

அரிவாள்மணைக்குப் பக்கத்தில் காகிதத்தில் தோல் குவிந்து கிடந்தது. நான் முழங்காலை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். தோலைத் தள்ளினேன். அடித்தட்டோடு வட்டமாக, ஒரு கீறல் இல்லாமல், இரண்டு வேர்க்கற்றைகள். இன்னும் ஈரம் காயவில்லை. சமையல் தெரிந்த கை, அடியை ஒரே வெட்டில் எடுத்திருந்தது.

"ஏளா, இருக்கு" என்றேன்.

ஜெயக்கனி பாய்ந்து வந்தாள். கத்தரிக்கோலை வாங்கி நுனிகளை நறுக்கிக் குப்பியில் போட்டாள். ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் இறங்குவதை மூன்று பெண்களும் தலையோடு தலை முட்டப் பார்த்தோம். பிறகுதான் அவள் மணியைப் பார்த்தாள். எட்டு அடிக்கப் போகிறது.

எங்கள் வீட்டுக்காரர் அதற்குள் வாசலுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கடையில் கணக்கு நேராகிவிட்டால் வருகிற முகம் வந்தது.

"இதுவும் நல்லதுக்குத்தான். ராகு காலத்துல கத்தி எடுத்தது நாம இல்லை. பிலோமிதான் அரிஞ்சா. அவளுக்கு ராகு காலம் கெடையாது."

"எங்களுக்கு எல்லா நேரமும் ஆண்டவர் நேரந்தான் அண்ணாச்சி" என்றாள் பிலோமி. அந்த முட்டையையும் ஒரு டப்பாவில் வைத்து ஜெயக்கனி கையில் திணித்துவிட்டாள்.

கடைசி பெஞ்சு

மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அதனால் நானும் ஆட்டோவில் போனேன். உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. ஜெயக்கனி குப்பியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள், முட்டையிலிருந்து குஞ்சு வரப்போகிற மாதிரி.

என்னை வராந்தாவில் விட்டுவிடு என்று சொல்லியிருந்தேன். தலைமையாசிரியை அம்மா விடவில்லை. "உள்ள வந்து உக்காருங்க" என்று கடைசி பெஞ்சைக் காட்டினார். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எனக்கு மூச்சு விடவே கூச்சமாக இருந்தது.

ஜெயக்கனி வேர்க்கற்றையைத் தூக்கிக் காட்டினாள். குப்பியிலிருந்து ஒரு நுனியை எடுத்து அமிலத்தில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டினாள், சாயம் விட்டாள், கட்டைவிரலால் அழுத்தினாள். பார்த்தாள். திருகினாள். எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு இறங்குவதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அதில் ஒன்றும் இல்லை. தோலோடு கிடந்ததில் வாடிவிட்டதோ, முட்டைச் சட்டியின் சூடு பட்டுவிட்டதோ.

பிள்ளைகள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். அவள் நிமிர்ந்து, "ஒரு வேர்ல கெடைக்கலன்னா அடுத்த வேர்ல தேடணும். சயின்ஸ்ல பாதி நேரம் இதுதான்" என்றாள். வீட்டில் அடுப்படியில் நின்று பேசுகிற ஜெயக்கனி இல்லை அது.

அடுத்த நுனியை அழுத்தி இரண்டாவது கண்ணாடியை வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக விலகி, முன் பெஞ்சுப் பிள்ளையைக் கூப்பிட்டாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ பாத்து இவங்களுக்குச் சொல்லு."

அந்தப் பிள்ளை குனிந்தது. "மிஸ், நடுவுல எல்லாம் லைனா நிக்குது மிஸ். இன்னொண்ணுல ரெண்டாப் போகுது."

அதற்குப் பிறகு வகுப்பை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. வரிசையில் இடித்துக்கொண்டு வந்தார்கள். பார்த்தவன் பார்க்காதவனுக்குக் கையை விரித்துக் காட்டினான். கல்யாண ஆல்பக் கதையைச் சொல்லி, அந்த நாலு கட்டத்தின் பேரையும் போர்டில் வரிசையாக எழுதச் சொன்னாள். தப்பாக எழுதியவனை இன்னொருவன் இழுத்துவிட்டுத் திருத்தினான்.

மணி அடித்த பிறகு தலைமையாசிரியை அம்மா எழுந்துபோய்ப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார். ஜெயக்கனி சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"ஸ்லைடு காய்ஞ்சிருமா?" என்றார் அந்த அம்மா.

"கொஞ்ச நேரம் தாங்கும் மேடம்."

"அப்படின்னா பக்கத்துல ஒன்பது 'பி' இருக்கு. தூக்கிட்டுப் போய் அங்கயும் எடுங்க. அந்தப் பிள்ளைங்க பாக்காமப் போயிரக் கூடாது."

மற்ற இரண்டு பேரும் வராந்தாவில் காத்திருந்தார்கள். அவர்களும் பாடம் எடுத்தார்கள். முடிவைச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஜெயக்கனி மைக்ராஸ்கோப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குள் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே மறந்துவிட்டாள். அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

இதில் எழுதியதெல்லாம் சரிதானா என்று பாடம் தெரிந்த யாராவது ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முதலில் நூல் தடிக்கிறதா, தோல் கரைகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அமிலம் முந்தியா சாயம் முந்தியா என்பதையும் பாருங்கள். ஜெயக்கனியிடமே கேட்கலாம் என்றால், எதிரே கட்டுக் கட்டாகப் பரீட்சைத் தாளை வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறாள். நடுவில் பேசினால் மார்க்குக் கூட்டுவது தப்பிப்போகுமாம், என்னையே அதட்டுகிறாள். பிழை இருந்தால் தயங்காமல் பத்திரிகைக்கு எழுதிப் போடுங்கள். டீச்சர் வீட்டிலிருந்து தப்பாக எழுதி அனுப்பினார்கள் என்று அவளுக்குப் பேர் வந்துவிடக் கூடாது.